வேலைக்கு எட்டும் தூரத்தில் ஒரு முகவரி

பர்மாக்காரர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாக அத்தோ வண்டிப் பக்கம் போய்விடுகிறது. பாரிமுனையை ஒட்டிய இரண்டாவது கடற்கரைச் சாலையில் சாயங்காலமானால் வண்டிகள் வரிசை கட்டிவிடும். ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையாலேயே அள்ளிப் போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய பேஜோ சேர்த்து, பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் விட்டுப் பிசைந்து, கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் தருவார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயத்தை அடைத்துக் கொடுப்பதற்கென்று தனி ரசிகர் கூட்டமே உண்டு. இதையெல்லாம் எழுதித் தீர்த்தாகிவிட்டது. அந்த வண்டிக்காரரின் குடும்பம் கப்பலைவிட்டு இறங்கிய பிறகு எங்கே படுத்தது, அடுத்த பத்து வருடம் எங்கே குடியிருந்தது என்பதைத்தான் அதிகம் பேர் எழுதவில்லை. ஊர்விட்டு ஊர் வருபவர்களுக்கு எங்கே வீடு என்று இன்றைக்கு யோசிக்க வேண்டியவர்களுக்கு அத்தோவின் ருசியைவிட இந்தக் கதைதான் பயன்படும்.

1962 மார்ச்சில் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அதே வருடம் மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். செட்டிநாட்டு நகரத்தார்கள் தங்கள் நெல் வயல்களை அதற்கு முன்பே, பர்மா விடுதலை அடைந்த காலத்து நில அரசுடைமையில் இழந்திருந்தார்கள். இந்த முறை அடி விழுந்தது சின்னக் கடைக்காரர் மீதும் அரிசி ஆலைக் கூலி மீதும் துறைமுகச் சுமைதூக்கி மீதும். இந்திய அரசு கப்பல் அனுப்பியது. ரங்கூன் துறைமுகச் சோதனையில் நகையையும் பணத்தையும் விட்டுவிட்டு ஏறியவர்கள் சென்னையில் வந்து இறங்கினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் அப்படி வந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர் என்கிறது மாநில அரசின் கணக்கு. அவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். இராமநாதபுரம், தஞ்சாவூர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தாத்தா வாயால் கேட்ட பெயர்கள்.

அவர்களை எங்கே குடிவைப்பது? நிலம் எங்கே சும்மா கிடக்கிறது என்று பார்த்தது அரசு. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். தஞ்சாவூர், காரைக்குடி, திருச்சி என்று பல ஊர்களில் இன்றும் ஒரு பர்மா காலனி இருப்பது அதனால்தான். தொழில் தொடங்கக் கடனும் கொடுத்தார்கள். ஆனால் ரங்கூன் தெருவில் வியாபாரம் பார்த்தவரை மாவட்டத்து ஊரின் எல்லையில் கொண்டுபோய் வைத்து, இந்தா கடன், கடை போடு என்றால், யாரிடம் விற்பது? சுற்றியிருந்தவர்களும் அதே கடனை வாங்கி அதே மாதிரி கடை போட்டவர்கள். கடன் கரைந்தது. காலனியைவிட்டு ஆட்கள் கிளம்பினார்கள். ஒரு பகுதியினர் திரும்பப் பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வரை சென்று, எல்லையைத் தாண்ட முடியாமல் மோரே என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். அந்த எல்லை ஊரில் இன்றும் அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிடைத்த குடியிருப்பைவிட மணிப்பூர்க் காடு மேல் என்று ஒரு மனிதர் முடிவெடுத்தார் என்றால், அந்தக் குடியிருப்பில் ஏதோ அடிப்படையாகவே சரியில்லை.

இன்னும் பலர் வந்து இறங்கிய துறைமுகத்தை நோக்கியே திரும்பினார்கள். அவர்களுக்குத் தெரிந்த வேலை அங்கேதான் இருந்தது. 1960களில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரை ஆள் கேட்டுக்கொண்டிருந்தது. திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டி ஆலை; எண்ணூரில் அசோக் லேலண்டும் உரத் தொழிற்சாலையும்; பின்னாலேயே மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை; 1970இல் அனல் மின் நிலையம். நிரந்தர வேலை எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் ஆயிரம் பேர் நிரந்தர வேலை பார்க்கும் இடத்தில் இன்னும் சில ஆயிரம் பேர் மூட்டை தூக்கியும், டீ விற்றும், ரிக்‌ஷா இழுத்தும் பிழைக்கலாம். எர்ணாவூரில் பர்மா நகர் என்றே ஒரு குடியிருப்பு எழுந்தது. வியாசர்பாடியிலும் பர்மாக்காரர்கள் சேர்ந்தார்கள். அவர்களோடு பீலிக்கான் முனீஸ்வரரும் கடல் தாண்டி வந்து வடசென்னையில் கோயில் கொண்டார்.

இந்தக் கரைக்கு இது புதிதும் அல்ல. துறைமுகத்தை ஒட்டி வந்தேறிகளுக்கு இடம் கொடுத்துத்தான் சென்னையே வளர்ந்தது. ஆர்மீனியர்கள் ஒரு தெருவுக்கே பெயர் கொடுத்தார்கள். ராயபுரத்தில் பார்சிகள் 1910இல் அக்னிக் கோயில் கட்டினார்கள். அவர்கள் கையில் காசிருந்தது என்பதுதான் வித்தியாசம். காசு இல்லாமல் வந்தவன் கதை வேறு.

1969இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் பர்மா பஜார் வந்தது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகவே மத்திய அரசு ரெப்கோ வங்கியைத் தொடங்கியது. பஜாரின் பிற்காலப் பெயர் உங்களுக்குத் தெரியும். கடத்தல் வாசனைத் திரவியம், பிறகு வீடியோ கேசட், பிறகு திருட்டு டிவிடி. அந்தக் கெட்ட பெயருக்குக் கீழே ஒரு நல்ல கொள்கை முடிவு மறைந்துகிடக்கிறது. நகரத்தின் நடு மையத்தில், ரயிலும் பஸ்ஸும் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டும் இடத்தில், அகதியாக வந்தவனுக்கு ஒரு கடை அளவு நடைபாதையை விட்டுக்கொடுத்தார்கள். மாவட்டங்களில் கட்டிய காலனிகளால் முடியாததை அந்த நடைபாதை செய்தது. பஜாரில் சம்பாதித்த காசில்தான் எத்தனையோ குடிசைகளுக்குக் காரைச் சுவர் ஏறியது. ரெப்கோவின் கதை இன்னும் வேடிக்கை. வீடில்லாமல் வந்தவர்களுக்கான வங்கி 2000இல் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தையே பெற்றெடுத்து, அது 2013இல் பங்குச்சந்தைக்கும் போய்விட்டது.

வந்தவனுக்கு முதலில் வேண்டியது வேலைக்கு எட்டும் தூரம். இரண்டாவது, தன் பேரில் ஒரு முகவரி. சுவரும் கூரையும் அவன் பாடு. கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் கட்டிக்கொள்வான். அரசோ எப்போதும் சுவரில் தொடங்குகிறது.

தூரம் சரியாக அமைந்தாலும் மண் சரியில்லாமல் போகலாம் என்பதையும் இந்தக் கரைதான் காட்டுகிறது. எண்ணூர்ப் பக்கம் இடம் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. புகை, சாம்பல், கடல் அரிப்பு, பக்கிங்ஹாம் கால்வாயின் நாற்றம். 2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கும் எர்ணாவூரில்தான் அடுக்குமாடிகள் கட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அது காய்வதற்குள், 26ஆம் தேதி இரவு, உரத் தொழிற்சாலைக்கு வந்த கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பமும் சுற்றுப்புறமும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடின. வேறு யாருக்கும் வேண்டாத நிலத்தை வந்தவனுக்குத் தள்ளிவிடும் பழக்கத்தின் வட்டி இது. அறுபது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முகவரி என்று சொன்னேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்களை நாடு இந்தியர்களாக ஏற்றுக்கொண்டது. அதனால் கடன், ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் வந்தன. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து ஓடிவந்தவர்களும் தமிழர்கள்தான், கடல் தாண்டித்தான் வந்தார்கள். ஆனால் அகதிகளுக்கென்று இந்தியாவில் சட்டம் இல்லை, 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்திடவும் இல்லை. ஆகவே இதே கரைக்குக் கொஞ்சம் மேற்கே புழலிலும், வடக்கே கும்மிடிப்பூண்டியிலும், முகாமிலேயே பிறந்து முகாமிலேயே கல்யாணமும் செய்துகொண்ட தலைமுறை இருக்கிறது. 2021 கணக்குப்படி சுமார் 58 ஆயிரம் பேர் முகாம்களில்; சுமார் 34 ஆயிரம் பேர் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாடகை வீடுகளில். அந்த வருடம் மாநில அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முன்வந்தது; முகாமின் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்ல காரியம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் குடியிருப்பவர் குடிமகன் ஆகவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கான்கிரீட் வந்துவிட்டது, முகவரி வரவில்லை.

இப்போது அந்தக் கரைக்கு வந்துகொண்டிருப்பவர்கள் அசாம், பிகார், ஒடிசா, வங்காளத்துப் பையன்கள். கடவுச்சீட்டு வேண்டாம் என்பதைத் தவிர, மொழி தெரியாத ஒருவனுக்குத் திருவொற்றியூர் வேறு நாடுதான். எர்ணாவூர், மணலிச் சந்துகளில் அவர்கள் தங்கும் லைன் வீடுகளைப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பத்துக்குப் பத்து அறை, வாசலில் நீல டிரம்மில் தண்ணீர், கொடியில் ஒரே நிறத்தில் ஐந்தாறு கம்பெனிச் சட்டைகள். குடும்பத்துக்கு விட்டால் வாடகை வீட்டுக்கு. இவர்களுக்கு விட்டால் தலைக்கு. நைட் ஷிப்டு போனவன் பாயில் டே ஷிப்டு முடித்தவன் படுப்பான். சப்-மீட்டர் கரண்டுக்கு ஓனர் வைத்ததுதான் விலை. அக்ரிமென்ட் என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் மேஸ்திரி பேரில் இருக்கும். 2012இல் வங்கிக் கொள்ளையர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட வெளிமாநிலத்தவரைப் போலீஸ் சுட்டுக்கொன்ற வேளச்சேரி என்கவுன்டருக்குப் பிறகு, குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை வீட்டுக்காரர்களுக்கு உத்தரவு வந்தது. ஆக, அவன் எங்கே இருக்கிறான் என்று போலீசுக்குத் தெரியலாம். இங்கேதான் இருக்கிறேன் என்று காட்ட அவன் கையில்தான் ஒரு தாளும் கிடையாது.

வீட்டுக்காரர்களையே குற்றம் சொல்லவும் முடியாது. ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளிக்கு அந்த நாலு அறை வாடகைதான் பென்ஷன். உள்ளூர் ஏழைக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது: நாலு பையன்கள் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும்போது, ஒற்றைச் சம்பளக் குடும்பம் அந்த அறைக்குப் போட்டி போட முடிவதில்லை.

வேலை கொடுப்பவனே தங்குமிடமும் கொடுக்கட்டும் என்பது வழக்கமான பதில். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்ததாரர் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டியது. தமிழனுக்கு இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். இலங்கை மலையகத்தில் தோட்டத் துரை கொடுத்த லயத்து அறையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நம் ஆட்கள். வேலையை விட்டால் லயத்தை விட வேண்டும். வீட்டுக்கென்று தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வரும். வளைகுடா லேபர் கேம்பிலும் கதை இதுதான். வீடு முதலாளியின் கையில் இருந்தால், சம்பளம் கேட்டுக் குரல் உயர்த்துகிறவன் அன்று ராத்திரி படுக்க இடமில்லாமல் நிற்பான். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அசாம்காரர்கள். உயரத்தில் ஏற மாட்டேன், சாரம் சரியில்லை என்று ஒருவன் சொல்ல வேண்டுமானால், மறுநாள் தங்க வேறு இடம் இருக்கிறது என்ற தைரியம் அவனுக்கு வேண்டும்.

அரசால் முடியாது என்ற பேச்சையும் ஏற்பதற்கில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் 706 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் வளாகம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. செல்போன் ஏற்றுமதிக்கு ஆள் நிற்க வேண்டும் என்றபோது நிலமும் பணமும் வேகமும் தானாக வந்தன. துறைமுகத்துக்கும் நிலக்கரிக்கும் உரத்துக்கும் ஆள் நிற்பதற்கு மட்டும் ஏன் மேஸ்திரியை நம்ப வேண்டும்?

வெளிமாநிலத்தவரை இங்கே வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதா என்று 2025இல் பெரிய வாக்குவாதம் நடந்தது. அந்தச் சூட்டில் நான் இறங்கப் போவதில்லை. ஓட்டுக்கு முன்னால் கேட்க வேண்டியது வாடகை ரசீது. 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தமும் பதிவும் வேண்டும் என்கிறது. திருவொற்றியூர், மணலி, ராயபுரம் ஆகிய மூன்று மாநகராட்சி மண்டலங்களில், தலைக்கு வாடகை வாங்கும் ஒவ்வொரு அறைக்கும் அந்தந்தத் தொழிலாளி பேரிலேயே ஒரு பக்க ஒப்பந்தம் பதிவாக வேண்டும் என்று செய்யலாம். பதிவு செய்கிற வீட்டுக்காரருக்குச் சொத்து வரியில் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தால் அவரும் வருவார். இந்தக் காரியத்துக்குச் செங்கல்கூட வேண்டாம்.

வாடகைக் குடியிருப்பு கட்டுவதற்குச் செங்கலும் நிலமும் வேண்டும். அதையும் ஆலைப் புகைபோக்கியின் கீழே கட்டாமல், ரயிலடிக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ஓடாத ஆலைகளின் மதிற்சுவர்களுக்குள் நிலம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அடுக்குமாடிக்காரர்கள் அதை அளந்துகொண்டிருக்கிறார்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் அங்கே இப்போது ஓர் ஏக்கரைக் கேட்டு வாங்க முடியும். ஐந்து வருடம் கழித்து அந்த விலைக்கு நகரின் தென்கோடியில் பெரும்பாக்கத்தில்தான் கிடைக்கும், துறைமுகத்தில் ஷிப்டுக்கு நிற்க வேண்டியவன் அங்கிருந்து விடியற்காலை எத்தனை மணிக்குக் கிளம்புவான் என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.