தாய்ச் செடியின் பெயரால்

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் கொழும்புக்கு வந்தபோது, எனக்கென ஒரு சிறு தகரப் பேணியைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே ஐம்பது கிராம் ஊலோங் தேயிலை. "மச்சான், இது சும்மா தேயிலை இல்லை. வூயி மலையில இருக்கிற தாய்ச் செடியில பறிச்சது. கடைக்காரனே சொன்னவன்" என்றார். தாம் கொடுத்த விலையையும் சொன்னார். அதை இங்கு எழுதினால் அவரது துணைவியார் படித்துவிடக்கூடும் என்பதால் தவிர்த்துக்கொள்கிறேன்.

நண்பர் ஏமாற்றப்பட்டிருந்தார்.

சீனாவின் புஜியான் மாகாணத்தில், வூயி மலையின் ஒரு செங்குத்துப் பாறை இடுக்கில் ஆறு பழைய தேயிலைச் செடிகள் நிற்கின்றன. 'டா ஹொங் பாவ்', அதாவது 'பெரிய சிவப்பு அங்கி', என்று புகழ்பெற்ற தேயிலையின் தாய்ச் செடிகள் அவையே. நோயுற்ற ஒருவரை அந்தத் தேநீர் குணப்படுத்தியதாகவும், அவர் நன்றியோடு தமது செந்நிற அரச அங்கியைச் செடிகளின் மேல் போர்த்தியதாகவும் ஒரு கதை உண்டு. அந்தச் செடிகளில் கடைசியாக இலை பறிக்கப்பட்டது 2005இல். அவ்வாண்டு அதில் இருபது கிராம் 208,000 யுவானுக்கு ஏலம் போயிற்று. 2006 முதல் பறிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. கடைசிப் பறிப்பின் இருபது கிராம் 2007இல் பெய்ஜிங்கிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஆகவே, இன்று எந்தக் கடைக்காரராலும் தாய்ச் செடியின் இலையை எவருக்கும் விற்க இயலாது.

அப்படியானால் பேணிக்குள் இருந்தது என்ன? அந்தச் செடிகளிலிருந்து பதியம் வைத்து வளர்த்த செடிகளின் இலையாக இருக்கலாம். அல்லது, பெரும்பாலும் நடப்பது போல, வூயி மலையின் பல்வேறு தேயிலைகளைச் சேர்த்துக் கலந்ததாக இருக்கலாம். இரண்டிலும் இழிவு எதுவும் இல்லை. நல்ல கலவை என்பது தேர்ந்த மூக்கும் நாக்கும் வேண்டிய வேலை. எனது குறை அந்தத் தேயிலையின் மீதல்ல. இலையை விட்டுவிட்டுப் புராணத்தை நிறுத்து விற்கும் வியாபாரத்தின் மீதே. அந்தப் புராணம் ஊலோங்கின் உண்மையான பெருமையை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பெருமை ஓர் இரவில் உருவாவது. பகலில் பறித்த இலையை வெயிலில் வாட்டுகிறார்கள். பிறகு மூங்கில் தட்டுகளில் இட்டுக் குலுக்குவதும் ஆறவிடுவதுமாக இரவு முழுவதும் வேலை தொடர்கிறது. குலுக்கும்போது இலையின் ஓரங்கள் உரசிக் காயப்படுகின்றன. காயப்பட்ட ஓரம் ஒட்சியேற்றம் அடைந்து சிவக்கிறது. நடுப்பகுதி பச்சையாகவே நிற்கிறது. முழுவதும் சிவக்க விட்டால் அது நாம் அறிந்த கறுப்புத் தேயிலை. தொடக்கத்திலேயே தடுத்துவிட்டால் பச்சைத் தேயிலை. ஊலோங் இடைவழியில் நிறுத்தப்படுவது. எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பது மூக்கு. புல்லின் பச்சை வாடை தணிந்து பூமணமும் பழமணமும் எழும் தருணத்தை, விழித்திருக்கும் மனிதர் ஒருவர் பிடிக்கவேண்டும். அதன்பின் சூடான சட்டியில் வாட்டி ஒட்சியேற்றத்தை நிறுத்துவது, உருட்டுவது, கரிக் கணப்பின் மேல் மெல்லிய சூட்டில் பல மணிநேரம் வறுப்பது எல்லாம் வருகின்றன. வறுத்த சூடு அடங்கச் சில மாதங்கள் வைத்திருந்தே நல்ல வியாபாரி விற்பார்.

நமது மலையகத்தில் இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்பதே பறிப்பின் இலக்கணம். வூயியிலோ அரும்பு விரிந்து முடியும்வரை காத்திருந்து, மூன்று நான்கு இலைகளாகப் பறிக்கிறார்கள். நம் கங்காணிமார் கண்டால் முற்றல் என்று கூடையைத் திருப்பியிருப்பார்கள்.

பெயர்மோகத்துக்கு இன்னொரு வேடிக்கையான உதாரணம் சொல்லலாம். அங்கே 'ரௌ குய்' என்றொரு வகை. கறுவாவை நினைவூட்டும் மணம் உடையது. 'நியூலான்கெங்' என்ற பள்ளத்தாக்கில் விளைவது மிகுந்த விலை பெறும். இரண்டு பெயர்களின் முதல் அசைகளையும் சேர்த்தால் 'நியூ ரௌ', சீன மொழியில் மாட்டிறைச்சி. பிரியர்கள் அதை அப்படியே மாட்டிறைச்சி என்றே அழைக்கிறார்கள்!

இனி, காய்ச்சும் முறை. முதன்முதலில் ஊலோங் கிடைத்தபோது, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கேத்தலில் ஒரு பிடி போட்டுக் கொதிக்கவைத்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தவன் நான். கசாயம் போலிருந்தது. பிழை என் கையில் மட்டுமல்ல, கிணற்றிலும் இருந்தது. சுண்ணாம்புக்கல் நிலத்து வன்னீர் தேயிலையின் மணத்தை அமுக்கிவிடும். மென்மையான நீர் இல்லையேல் இந்தச் செலவில் இறங்காதிருப்பது நல்லது.

வேண்டியது 'கைவான்' எனப்படும், மூடியும் தட்டும் கொண்ட சிறு பீங்கான் கிண்ணம். 110 மில்லிலீற்றர் கிண்ணத்துக்கு எட்டுக் கிராம் இலை. நம் கண்ணுக்கு இது ஊதாரித்தனமாகத் தோன்றும்; ஆனால் அதே இலை ஏழெட்டு முறை சாறு தரும். கிண்ணத்தைச் சூடாக்கி, உலர்ந்த இலையை இட்டு மூடி, ஒரு தடவை குலுக்கித் திறந்து முகர வேண்டும். வறுத்த தானியம், மரம், சிறிது வெல்லம் ஆகியவற்றின் வாசனை வரும். பாறைத் தேயிலைக்கு நன்றாகக் கொதித்த நீரே உகந்தது. முதல் நீரை உடனே வடித்துவிடுவார்கள். அடுத்ததைப் பத்து விநாடி வைத்தால் போதும். பின்வரும் ஒவ்வொன்றையும் சற்று நீட்டலாம். கிண்ணத்தின் மூடியை முகர்ந்தால் பூ. குடித்து முடித்த வெறும் கோப்பையை முகர்ந்தால் பழமும் தேனும். குடிக்கும்போது ஒரு கனிமச் சுவை நாக்கில் படிகிறது. சீனர் அதனைப் பாறையின் இசை என்ற பொருளில் 'யான் யுன்' என்கிறார்கள். விழுங்கிச் சற்று நேரம் கழித்துத் தொண்டையிலிருந்து இனிப்பு திரும்பி வரும். சீனி இட்டவருக்கு அது வராது.

அதே புஜியானின் அன்சிப் பகுதியில் விளையும் 'தியெகுவான்யின்' வேறு இனிமை. அங்கு தெற்கே பேசப்படும் மொழியில் தேயிலைக்கு 'தே' என்று பெயர். டச்சு வணிகர் வழியாக ஆங்கிலம் ஏறிய அந்தச் சொல்தான் நமது தேயிலையின் முதலெழுத்திலும் இருக்கிறது.

நண்பரிடம் உண்மையைச் சொன்னேன். முகம் வாடியது. பேணியைத் திறந்து அவர் முன்னிலையிலேயே காய்ச்சினேன். கலவைதான், ஆனால் வறுத்தவர் தொழில் தெரிந்தவர். நான்காவது ஊற்றலின்போது நண்பர் பேச்சை நிறுத்தியிருந்தார். ஏழாவது முடிந்ததும், விரிந்து கிடந்த இலை ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். நடுவில் பச்சை, ஓரத்தில் சிவப்பு.

"இதைச் செய்தவன்ர பேரைக் கடைக்காரன் சொல்லேல்லை" என்றார்.