பெயர் இருக்கிறது, நம்பிக்கை எங்கே?



ரமழானை வரவேற்க வீட்டை ஒழுங்குபடுத்தும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. இவ்வாண்டு அவ்வாறு அலமாரியைத் துப்புரவு செய்தபோது, என் தாயார் பழைய துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்த பொருளொன்று கைக்கு அகப்பட்டது. பிரித்துப் பார்த்தேன். நோக்கியா 1100. மதரஸாவில் சேர்ந்த புதிதில், 2004-ஆம் ஆண்டு, சம்பளத்தில் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து நான் வாங்கிய முதல் செல்போன்.

பேட்டரி செத்திருந்தது. இராயபுரத்துக் கடையொன்றில் விசாரித்தேன். சின்னஞ்சிறு ரேடியோக்களுக்கு அதே பேட்டரி இன்றும் பயன்படுவதால் உடனே கிடைத்தது. பொருத்திப் பொத்தானை அழுத்தியதும், இரு கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அந்தப் பழைய காட்சி திரையில் தோன்றியது. "இதுக்கு இன்னும் உயிர் இருக்கா!" என்று வியந்தார் தாயார்.

கருவிக்கு உயிர் இருக்கிறது. அந்தப் பெயரின் மீது நான் வைத்திருந்த பற்று மட்டும் எப்போது, எவ்வாறு போயிற்று? இவ்வினா அன்று முழுவதும் என்னை விட்டு அகலவில்லை.

பற்று ஏற்பட்டதற்குக் காரணம் இருந்தது. 2003-இல் வெளிவந்த அந்த 1100, நம்மைப் போன்ற நாட்டு மக்களின் வாழ்க்கையை அறிந்து செய்யப்பட்ட கருவி. பொத்தான்களினூடே தூசி புகாதபடி ஒரே ரப்பர் விரிப்பு. வியர்த்த கையிலும் நழுவாத பிடிப்பு. தலைப்பகுதியில் ஒரு டார்ச் விளக்கு. உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்பனையாயிற்று. எண்ணூரின் சாம்பலும், கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும், உப்புக் காற்றும் ஒன்றாய் வந்து படியும் எங்கள் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு எது? காசிமேட்டு மீனவர் அதைப் பாலித்தீன் உறையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு கடலுக்குச் சென்றார். சுபுஹுத் தொழுகைக்குப் புறப்பட்ட முதியவருக்கு அதன் வெளிச்சம் வழிகாட்டியது. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியை அண்ணாந்து பார்க்கும் தொலைவில் வாழ்ந்தும் மின்வெட்டில் தவித்த நாட்களில், எங்கள் பிள்ளைகள் அதைத் தண்ணீர்ச் சொம்பின் மீது சாய்த்து வைத்துப் பாடம் படித்தார்கள்.

அந்நிறுவனத்தின் வரலாறும் வியப்புக்குரியதே. பின்லாந்து நாட்டில் 1865-இல் ஒரு காகித ஆலையாகத் தொடங்கியது. ரப்பர்க் காலணி, மின்கம்பி எனப் பல தொழில்களைக் கடந்து தொலைத்தொடர்புக்கு வந்தது. 1991 ஜூலை 1 அன்று உலகின் முதல் ஜி.எஸ்.எம். அழைப்பு அதன் கருவிகளின் துணையோடுதான் பேசப்பட்டது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமிடம் இந்தியாவின் முதல் செல்போன் உரையாடலை நிகழ்த்தினார். அன்று அவர் கையில் இருந்ததும் நோக்கியாவே. 1998-இல் அது உலகின் முதலிடத்தைப் பிடித்தது. 2006-இல் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை திறந்தது. உச்சக் காலத்தில் அங்கே சுமார் 8,000 பேர் பணியாற்றினர். அவர்களில் பெரும்பகுதியினர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம் பெண்கள். "நம்ம ஊரில் செய்தது" என்று சொல்லி அதை வாங்கியதில் நமக்கும் ஒரு பெருமிதம் இருந்தது.

இன்னொன்றையும் நீதியுடன் சொல்ல வேண்டும். 2007 ஆகஸ்டில், வேறொரு நிறுவனம் செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சூடேறும் அபாயம் உடையவை என நோக்கியா தானே முன்வந்து அறிவித்தது. எண்ணைச் சரிபார்த்து இலவசமாக மாற்றித் தருவதாகவும் கூறியது. ஊரெங்கும் பீதி பரவியதென்னவோ உண்மை. ஆயினும், குறையை ஒளிக்காமல் சொன்னவர் மீது எனக்கு மதிப்புக் கூடியதேயன்றிக் குறையவில்லை.

அப்படியானால் சறுக்கல் எங்கே நேர்ந்தது?

அதை எனக்கு முதலில் உணர்த்தியவர் ஓர் அறிஞரல்லர். எங்கள் மதரஸா மாணவன் ஒருவனின் தந்தை, துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். 2010 வாக்கில் ஒரு நாள், "ஹஜ்ரத், எந்த போன் வாங்கலாம்?" என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் சற்றும் தயங்காமல் நோக்கியாவின் பெயரைச் சொன்னேன். "அதிலே ரெண்டு சிம் போடலாமா ஹஜ்ரத்? ஊருக்கு ஒண்ணு, வேலைக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. மண்ணடியில் விசாரித்தபோது, புதிதாய் வந்த சிறு நிறுவனங்களின் மலிவான போன்கள் பலவற்றில் அவ்வசதி இருந்தது. உலகின் முதல்வனோ 2011 வாக்கில்தான் இரட்டை சிம் போன்களை நம் கடைகளில் பரவலாகத் தந்தது. அவர் வேறு போன் வாங்கிக்கொண்டார். ஆறு ஆண்டுப் பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு இன்றைய கேள்விக்கு விடை சொல்ல முயன்ற நான் வெட்கமடைந்தேன். அந்நிறுவனமும் அதையேதான் செய்துகொண்டிருந்தது என்பது பின்னரே விளங்கிற்று.

அவர்களுக்கு அறிவு இல்லாமல் போகவில்லை. 2007-இல் ஐபோன் வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே தொடுதிரை போனை அவர்கள் அறிவித்திருந்தார்கள். 2005-லேயே இணையம் பார்க்கும் கைக்கருவியையும் விற்றார்கள். விதை கையில் இருந்தது. ஆனால் பழைய வயலின் விளைச்சல் கண்ணை மறைத்ததால், புதிய நிலத்தை உழும் துணிவு வரவில்லை. விழித்தபோது காலம் கடந்திருந்தது.

2011 பிப்ரவரியில், தன் சொந்த மென்பொருளைப் பின்னுக்குத் தள்ளி, மைக்ரோசாப்டின் விண்டோஸ் மென்பொருளைத் தன் உயர்ரகப் போன்களுக்கு ஏற்பதாக அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் 'லூமியா' போன்கள் வெளிவந்தன. பழைய பற்றுதலால் பலர் பெரும்பணம் கொடுத்து வாங்கினர். 2012 ஜூனில், அதாவது ஓராண்டு நிறைவதற்குள், அப்போன்களில் அடுத்த புதிய விண்டோஸ் மென்பொருள் இயங்காது என்று மைக்ரோசாப்ட் அறிவித்துவிட்டது. சிறு மேம்பாடு மட்டுமே கிடைத்தது. போன் உடையவில்லை, பழுதாகவில்லை. ஆனால் வாங்கியவருக்கு முன்னே கதவு சாத்தப்பட்டது. யார் கடைசிவரை உடன் நின்றாரோ, அவரே அதிகம் ஏமாந்தார்!

2013 செப்டம்பரில் செல்போன் தொழிலையே மைக்ரோசாப்டுக்கு விற்க முடிவாயிற்று. 2014 ஏப்ரலில் கைமாற்றம் நிறைவேறியது. வரித் தகராறு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. வாங்குவார் இன்றி நின்ற அந்த ஆலையில் 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்று அப்பெண்களை யாரும் கேட்டதில்லை. எந்த வரியைக் கட்டுவது, எதைக் கட்டாமலிருப்பது என்பதும் அவர்கள் முடிவு செய்ததல்ல. ஆயினும் விலை கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர்கள் அவர்களே. அவர்களது இழப்போடு ஒப்பிட்டால் வாடிக்கையாளனாகிய என் ஏமாற்றம் மிகச் சிறியது.

நோக்கியா நிறுவனம் அழிந்துவிடவில்லை. தொலைத்தொடர்பு வலையமைப்புக்கான கருவிகளைச் செய்து இன்றும் வாழ்கிறது. அதன் பெயரை உரிமம் பெற்ற எச்.எம்.டி. என்ற வேறொரு நிறுவனம், 2017-இல் பழைய 3310 போனின் சாயலில் ஒன்றை வெளியிட்டபோது, மக்கள் ஆவலோடு திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது போனையா? தங்கள் இளமையையா? பெயரை வாடகைக்குப் பெறலாம். அப்பெயருக்குள் ஒரு காலத்தில் குடியிருந்த அக்கறையை எவ்வாறு வாடகைக்குப் பெறுவது?

வாசகர்களே, வாடிக்கையாளரின் நம்பிக்கை ஓர் அமானிதம். அது விற்றவருக்குச் சொந்தமான சொத்தன்று. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். நாள்தோறும் அதைக் காக்க வேண்டும். நேற்றுச் சிறப்பாகக் காத்தேன் என்பது இன்றைய கணக்கில் வராது.

இந்த அளவுகோல் பின்லாந்துக்காரருக்கு மட்டுமா? அத்தா சம்பாதித்த நற்பெயரைப் பலகையில் எழுதிவிட்டுச் சரக்கின் தரத்தைக் குறைக்கும் மகனுக்கும் இது பொருந்தும். இருபதாண்டுக்கு முன் எழுதிய குறிப்பேட்டைப் பார்த்தே இன்றும் பாடம் நடத்தும் என் போன்ற ஆசிரியனுக்கும் பொருந்தும். மாணவன் புதிதாய்க் கேட்கும் வினா நமக்குத் தொல்லையாகத் தோன்றுமானால், அந்த லாரி ஓட்டுநரின் இரண்டு சிம் கேள்வியை நினைத்துக்கொள்வோம். நம்மை விட்டுப் போகிறவர் பெரும்பாலும் சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை. ஒரு கேள்வி கேட்கிறார். விடை கிடைக்காதபோது சலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அந்தப் பழைய போனை மீண்டும் அலமாரியில் வைக்கப் போனேன். தாயார் தடுத்து வாங்கிக்கொண்டார். "ஸஹருக்கு எழுந்திருக்கும்போது டார்ச்சுக்கு ஆகும்" என்றார். இப்போது அது அவரது தலையணையருகே இருக்கிறது. தனக்கு இடப்பட்ட வேலையை அது இன்னும் செய்துகொண்டிருக்கிறது.