கூரைக்கு ஓர் ஆபீஸ், வாத்தியாருக்கு ஓர் ஆபீஸ்

ஐப்பசி மழையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கூரை ஒழுகினால் பெற்றோர் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? திருத்தணி, திருவாலங்காடு, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை ஆகிய நான்கு ஒன்றியங்களில் எந்தக் கிராமத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தெளிவான பதில் கிடைக்காது.

முதலில் ஹெச்.எம்.மிடம் சொல்வார்கள். அவர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுவார். கல்வி அலுவலருக்கு ஆசிரியர்கள்மீது அதிகாரம் உண்டு, கட்டடத்தின்மீது கிடையாது. கட்டடம் ஒன்றியத்தின் சொத்து. ஆகவே மனு பி.டி.ஓ. ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து பொறியாளர் பிரிவுக்குப் போகும். ஓவர்சியர் வந்து பார்த்து மதிப்பீடு போட வேண்டும். மதிப்பீடு தயாரான பிறகு, அதை எந்தத் திட்டத்தின் நிதியில் சேர்ப்பது என்ற கேள்வி எழும். அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். அடுத்த ஐப்பசியில் அதே கூரை ஒழுகும், அதே மனு மறுபடியும் எழுதப்படும்.

அதே வளாகத்தில் சத்துணவுக் கூடம் சமூக நலத் துறையின் திட்டத்தில் நடக்கிறது. கழிப்பறை கழுவ வருபவரின் சம்பளம் ஊரக வளர்ச்சித் துறை வழியாக வருகிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியென்றால் ஒன்றியத்துக்கு வேலையே இல்லை. அது வேறு இயக்குநரகம், அதன் கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு வழிகளில் மனுப் போட வேண்டும். இந்த வட்டாரத்துப் பள்ளிகளின் குறைகளில் பாதிக்கும் மேல் இதிலிருந்துதான் வருகின்றன என்பது என் உறுதியான கருத்து. பள்ளியை முழுதாகத் தன் பொறுப்பு என்று சொல்ல அரசில் ஒருவரும் இல்லை.

இந்தப் பிரிவினை நேற்று வந்ததல்ல. ஒரு காலத்தில் தொடக்கப் பள்ளியும் அதன் ஆசிரியர்களும் ஊராட்சி ஒன்றியத்தின் கீழேயே இருந்தார்கள். 1981-ல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆக்கப்பட்டார்கள். ஆசிரியர்களின் வாழ்க்கைக்கு அது பெரிய பாதுகாப்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கட்டடம் ஒன்றியத்திடமே நின்றுவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இடைவெளியை யாரும் அடைக்கவில்லை. 2018-ல் ஓர் அரசாணை போட்டு, தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளிகளையும் ஒரே மாவட்டக் கல்வி அலுவலரின் கீழ் கொண்டுவந்தார்கள். 2022-ல் இன்னோர் அரசாணை அதைக் கலைத்து, தொடக்கக் கல்விக்குத் தனி, இடைநிலைக் கல்விக்குத் தனி, தனியார் பள்ளிகளுக்குத் தனி என்று அலுவலர்களைப் பிரித்தது. அலுவலகப் பலகைகள் மாறின. கூரை யார் பொறுப்பு என்ற கேள்வியை இரண்டு அரசாணைகளும் தொடவில்லை.

பாதுகாப்பில்லாத பள்ளிக் கட்டடம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் புதிதாக ஆதாரம் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுவதும் பழுதான கட்டடங்களை இடிக்க உத்தரவு பறந்தது. இடிப்பது வேகமாக நடந்த அளவுக்குக் கட்டுவது நடக்கவில்லை. பல ஊர்களில் பிள்ளைகள் கோயில் மண்டபத்திலும் மரத்தடியிலும் உட்கார்ந்தார்கள். 2022-ல் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் அறிவித்தது அரசு. நல்ல திட்டம். தன் பள்ளி அந்தப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று இந்தப் பக்கத்து அம்மையார்குப்பத்துப் பெற்றோரோ பொதட்டூர்பேட்டைப் பெற்றோரோ எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

நெசவும் விசைத்தறியும் பிழைப்பாக இருக்கும் ஊர்கள் இவை. தறியை நிறுத்திவிட்டுப் போனால் அன்றைய கூலி இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தாய் ஒருவர் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டுமென்றால் பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸோ ரயிலோ பிடித்துத் திருவள்ளூர் போக வேண்டும். மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் இந்த ஊர்களுக்கு மாவட்டத் தலைநகரம் மிகத் தூரம். அரசு விழாக்களும் எட்டத்தில்தான் நடக்கின்றன. 2022 ஜூன் மாதம் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது இதே மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில். 2024 ஜூலை 15 அன்று ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் நீட்டிக்கப்பட்டது கீழச்சேரியில். இரண்டு ஊர்களுமே எங்கள் பக்கத்தைவிடச் சென்னைக்குக் கிட்டே இருப்பவை. விழாக்கள் அங்கே நடந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதே அக்கறை ஆர்.கே.பேட்டையைத் தாண்டியும் வர வேண்டும்.

இனி பணம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பிற துறைகளோடு ஒப்பிட்டால் பெரிய தொகைதான். அதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போய்விடுகிறது. ஒரு சிறிய பள்ளியின் கையில் நேரடியாக வந்து சேர்வது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். 31 முதல் 100 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு அது ஆண்டுக்கு 25,000 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் 2,083 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைக்கென்று ஒதுக்க வேண்டும். மீதியில் சாக்பீஸ், பதிவேடு, உடைந்த குழாய், பழுதான மோட்டார் என்று எல்லாம் முடிய வேண்டும். போதாதபோது தலைமை ஆசிரியர் தன் சட்டைப்பையிலிருந்து போடுகிறார். இதை ஊரில் எல்லோரும் அறிவார்கள்.

அந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. பிஎம் ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-க்குரிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கையில் முரண்பட மாநிலத்துக்கு உரிமை உண்டு. அதற்குத் தண்டனையாக ஒரு குழந்தையின் பள்ளி மானியத்தைப் பிடித்துவைப்பது எந்த நியாயத்திலும் சேராது. ஆனால் டெல்லி தராததைச் சொல்லிச் சொல்லியே ஒன்றிய அளவில் நடக்க வேண்டிய வேலைகளையும் தள்ளிப்போடுவதை ஏற்க முடியாது. ஓவர்சியர் வந்து பார்ப்பதற்கு டெல்லியின் பணம் தேவையில்லை.

ஆசிரியர் பிரச்னை இன்னும் கூர்மையானது. குடியரசுத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தது திருத்தணியில்தான். 1962 முதல் நாடே அந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்த ஊரின் சுற்றுவட்டாரத்தில் ஆசிரியர் நிலைத்து நிற்கவில்லை. வடமாவட்டங்களில் காலியிடம் அதிகம் என்பதால் தென்மாவட்டத்தைச் சேர்ந்த இளம் ஆசிரியர்களுக்கு இங்கே முதல் பணி கிடைக்கிறது. குடும்பம் அங்கே, வேலை இங்கே. மாறுதல் கலந்தாய்வு வந்ததும் சொந்த மாவட்டத்துக்குப் போகத்தான் பார்ப்பார்கள்; மனிதர்களாக அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் ஓர் ஆசிரியரிடம் பழகும்போதே அவர் விடைபெற்றுப் போகிறார். போன இடம் நிரம்ப மாதக்கணக்கில் ஆகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கு ஏற்பவும் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். காலை பத்து மணிக்கு அப்படி ஓர் ஈராசிரியர் பள்ளிக்குள் போய்ப் பாருங்கள். ஒரே அறையில் மூன்று வகுப்புகள் உட்கார்ந்திருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக எழுத்து அட்டைகளை அடுக்குவார்கள். மூன்றாம் வகுப்பு கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். ஆசிரியை இரண்டாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே, மறுகையில் செல்போனில் வருகைப்பதிவு ஏறுகிறதா என்று பார்ப்பார். சிக்னல் கிடைக்காத ஊரில் அதுவே ஒரு வேலை. இன்னோர் ஆசிரியர் பயிற்சிக்கோ மாற்றுப் பணிக்கோ போயிருந்தால் ஐந்து வகுப்பும் இவர் தலையில். இந்த நிலையில் வாசிப்பு எப்படி வரும்? 2022 ஏசர் கல்வி ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 100-க்கு 5 பேர்கூட இல்லை. கொரோனா அடைப்பின் காயம் அது. 2024-ல் நிலை கொஞ்சம் தேறியது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2024-ல் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம். திருவள்ளூர் மாவட்டம் அந்தப் பட்டியலின் கடைசி வரிசையில் நின்றது. மூன்றாம் வகுப்பில் வாசிக்காதது பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணாக வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

எல்லை என்பதால் இங்கே மொழியும் ஒரு தனிப் பிரச்னை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்த எல்லைப் போராட்டத்துக்காக ம.பொ.சிவஞானத்தின் பெயரைச் சொல்லும்போது மங்கலங்கிழாரையும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஊர் ஊராகத் தமிழ் கற்பித்தவர் அவர். தாய்மொழிக்கு வாத்தியார் இல்லாத வலியை இந்த மண் அறியும். இன்று பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2006-ன் தமிழ் கற்றல் சட்டம் எல்லோருக்கும் தமிழ் என்றது, அது சரியே. ஆனால் சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்குப் போதிய தமிழாசிரியர்களைத் தராமலே பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் வந்து நின்றது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு நீதிமன்றத்தில் விலக்கு. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம்வரை போய் விலக்கு. விலக்கு வாங்கிய பிள்ளைக்குத் தமிழும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. இரண்டு மொழிக்கும் ஆசிரியரை நியமிப்பதுதான் தீர்வு.

ஊர்க்காரர்கள் கேட்கக் கூடாதா என்றால், கேட்பதற்குச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ம் பிரிவுப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேர் கொண்ட குழுக்கள் அமைந்தன. 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர். தீர்மானங்கள் செயலியில் பதிவாகின்றன. பதிவான தீர்மானத்துக்கு யார், எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். வார்டு உறுப்பினரைப் பிடித்துக் கேட்கும் வழியும் அடைபட்டது.

எல்லையைத் தாண்டினால் நகரி; அது ஆந்திரம். அங்கே 2019 நவம்பரில் தொடங்கிய நாடு–நேடு திட்டத்தில் முதல் கட்டமாக 15,000-க்கும் அதிகமான பள்ளிகள் எடுக்கப்பட்டன. ஒப்பந்ததாரரிடம் விடாமல் பெற்றோர் குழுவின் வங்கிக் கணக்கிலேயே பணம் போட்டு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், சுற்றுச்சுவர் வேலைகளைக் குழுவே செய்தது. பிந்தைய கட்டத்தில் பல கட்டடங்கள் பாதியில் நின்றன என்பதும் உண்மை. பெற்றோர் கையில் பணம் கொடுத்தால் வேலை நடக்கும் என்பதை முதல் கட்டம் காட்டியது. கேரளம் 1990-களிலேயே தொடக்கப் பள்ளிகளைக் கிராம ஊராட்சிகளிடம் ஒப்படைத்துவிட்டது.

இங்கே அவ்வளவு பெரிய மாற்றம் ஒரே நாளில் வேண்டியதில்லை. திருத்தணியில் வருவாய்க் கோட்டாட்சியர் இருக்கிறார். நான்கு ஒன்றியங்களின் பி.டி.ஓ.க்கள், கல்வி அலுவலர்கள், பொறியாளர்கள் எல்லோரையும் மாதம் ஒரு நாள் அவர் முன் உட்காரவைத்து, பள்ளிக் குழுத் தீர்மானங்கள் ஒவ்வொன்றுக்கும் 30 நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் தரும்படி மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவு போடலாம். செய்வோம் என்றோ, முடியாது, இன்ன காரணம் என்றோ பதில் இருக்கட்டும். சிறு பழுதுகளுக்கான பணத்தைக் குழுவின் கணக்கிலேயே போடலாம். பொறியாளர் அளந்து சரிபார்த்தால் போதும். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, இருப்பவர் எத்தனை, மாற்றுப் பணிக்குப் போனவர் எத்தனை, இந்த ஆண்டு வந்த பணம் எவ்வளவு என்று பள்ளிச் சுவரில் எழுதிவைக்கலாம். எல்லை ஒன்றியங்களில் குறைந்தபட்சப் பணிக்காலமும், அதை முடிப்பவருக்குக் கலந்தாய்வில் முன்னுரிமையும் தரலாம். உள்ளாட்சித் தேர்தல் காலத்தே நடக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவசியம் போங்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒழுகும் கூரையை, காலியாக இருக்கும் பணியிடத்தை, ஓடாத மோட்டாரைக் குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நகல் எடுத்து அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் 10 ரூபாயில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 22-ம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பள்ளிக் குழு தயாரிக்கும் மேம்பாட்டுத் திட்டமே அந்தப் பள்ளிக்கு அரசு தரும் மானியத்துக்கு அடிப்படை.