நீதிக்கு எல்லைக்கல்லா?

ஒரே நாடு, ஒரே அரசியல் சட்டம். ஒரே நாளில் இரு குழந்தைகள் பிறக்கின்றன என்று கொள்வோம்: ஒன்று மாசசூசெட்ஸில், மற்றொன்று டெக்சாஸில். இரண்டின் பெற்றோரும் அரசின் இசைவுச்சீட்டு இல்லாமல் வாழும் ஏழைகள். முதற்குழந்தை குடிமகன், இரண்டாவது குழந்தை நாடற்ற அனாதை! ஏன் இந்த வேற்றுமை? முதற்குழந்தையின் மாநிலம் வழக்குத் தொடுத்தது, மற்றதன் மாநிலம் தொடுக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை! இத்தகைய விபரீதத்திற்கு வழி திறந்துவிட்டது, அமெரிக்க உச்சநீதிமன்றம் 2025 ஜூன் 27 அன்று அளித்த தீர்ப்பு.

கதை இதுதான். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, குடியரசுத் தலைவர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் இசைவின்றியோ தற்காலிக இசைவிலோ வாழ்பவராக இருந்து, தந்தையும் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இல்லையெனில், அம்மண்ணில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லையாம்! கருப்பர் குடிமக்களாக முடியாது என்று 1857-இல் தீர்ப்புரைத்த நாடு அது. உள்நாட்டுப் போரில் குருதி சிந்திய பிறகு, 1868-இல் பதினான்காவது திருத்தத்தால் அந்த இழிவைத் துடைத்தது. மண்ணில் பிறந்தவர் குடிமக்கள் என்றது அத்திருத்தம். சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க்கும் குடிமகனே என 1898-இல் உச்சநீதிமன்றமே உறுதி செய்தது.

எனவேதான் வாஷிங்டன், மேரிலாந்து, மாசசூசெட்ஸ் மாநிலங்களின் கூட்டாட்சி மாவட்ட நீதிபதிகள் அந்த ஆணைக்கு நாடு முழுவதும் தடை விதித்தனர். உச்சநீதிமன்றமோ, ஆணை முறையா முறைகேடா என்று ஆராயவில்லை. நீதிபதியின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்று மட்டுமே அளந்தது! வழக்காடியவருக்கு மட்டுமே நிவாரணம். நாட்டுக்கே தடை விதிக்கும் அதிகாரம் இல்லை என ஒன்பதின்மரில் அறுவர் முடிவு செய்தனர். காரணம், 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் பிறந்த காலத்தில் இங்கிலாந்து நீதிமன்றங்களில் இத்தகைய வழக்கம் இல்லையாம்!

பாட்டன் வெட்டிய கிணறு என்பதற்காக உப்பு நீரைக் குடிக்கச் சொல்லும் வாதமல்லவா இது? 1789-இல் அந்நாட்டில் அடிமைச் சந்தையும் இருந்தது! ஒரே கையெழுத்தால் கோடிக்கணக்கானோர் வாழ்வைப் புரட்டும் ஆற்றல் ஆட்சியாளருக்கு வளர்ந்துவிட்டது. அதைத் தடுக்கும் கை மட்டும் பழைய அளவிலேயே நிற்கவேண்டுமா?

“94 மாவட்டங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட நீதிபதிகள். அவர்களில் யாரோ ஒருவர் நாட்டின் ஆட்சியையே முடக்குவதா?” என்று கேட்கின்றனர் மறுசாரார். கேள்வியில் நியாயம் உண்டு, மறைப்பானேன்? 2015-இல் ஒபாமாவின் குடியேற்றத் திட்டத்தை டெக்சாஸ் நீதிபதி ஒருவர் நாடெங்கும் தடுத்தார். குடியரசுக் கட்சியினர் கைதட்டினர். 2017-இல் டிரம்ப்பின் பயணத் தடையைச் சியாட்டில் நீதிபதி நிறுத்தினார். கைதட்டியவர்கள் கொதித்தனர், கொதித்தவர்கள் கைதட்டினர். 2024 இறுதியில் பைடன் அரசே இந்த அதிகாரத்தைச் சுருக்குமாறு உச்சநீதிமன்றத்தை வேண்டியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

இதைவிடக் கேடானது நீதிபதியைப் பொறுக்கி எடுக்கும் தந்திரம். டெக்சாஸின் அமரில்லோவில் வழக்கிட்டால் அது ஒரே நீதிபதியிடம்தான் ஏறத்தாழ உறுதியாகப் போய்ச் சேரும் என்பதை அறிந்தே வழக்குகள் அங்கு படையெடுத்தன. 2000-இல் ஒப்புதல் பெற்ற கருக்கலைப்பு மருந்தை நாடெங்கும் நிறுத்த 2023-இல் ஆணை பிறந்ததும் அங்கேதான். மேல்மன்றங்கள் குறுக்கிட்டதால்தான் மருந்து தப்பியது.

நோய் எது என்று தெரிகிறதல்லவா? நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வழக்காடுபவன் கையில் சிக்கியதே நோய். மருந்தும் தெரிந்ததே: நாடு தழுவிய தடை கோரும் வழக்குகளை மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகக் குலுக்கிப் பங்கிடுங்கள், மேல்முறையீட்டை விரைவுபடுத்துங்கள். 2024 மார்ச்சில் நீதித்துறை மாநாட்டுக் குழுவே இப்பங்கீட்டைப் பரிந்துரைத்தது. அமரில்லோ அடங்கிய வடக்கு டெக்சாஸ் மாவட்டம் மறுத்துவிட்டது. மறுத்தவரைத் திருத்துவதை விட்டு, நாடெங்கும் தடுக்கும் அதிகாரத்தையே பறிப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும்!

“தனித்தனியே வழக்காடட்டுமே!” என்பார் சிலர். நாள்கூலிக்குப் பாத்திரம் கழுவும் தாய், தன் பெயரை வெளியிட்டால் நாடு கடத்தப்படுவோமோ என அஞ்சும் தாய், எந்த வழக்கறிஞரைத் தேடுவாள்? எவர் பணத்தில் வாதாடுவாள்? கூட்டு வழக்கு என்ற சன்னல் இன்னும் திறந்திருந்தது உண்மை. அதன் வழியே 2025 ஜூலை 10 அன்று நியூ ஹாம்ப்ஷையர் நீதிபதி ஒருவர் பாதிக்கப்படும் குழந்தைகள் அனைவரையும் ஒரே வகுப்பாக்கி, ஆணையை மீண்டும் தடுத்தார். ஆனால் நிபந்தனைகள் பல சூழ்ந்த சன்னல் அது, வாயிலுக்கு ஈடாகுமா?

தோழர்களே! அரசின் ஆணை ஒருவனுக்குச் சட்டவிரோதம் என்றால், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அது சட்டவிரோதமே. வழக்காடத் தெரிந்தவனுக்கு மட்டும் கிட்டுவது உரிமையன்று, சலுகை! நமக்குப் பிடித்தவர் ஆண்டாலும் பிடிக்காதவர் ஆண்டாலும் துலாக்கோல் ஒன்றாகவே இருக்கட்டும். பகுத்தறிவு கேட்பது அதைத்தான். பிறந்த குழந்தைக்கு நாம் பட்டிருக்கும் கடனும் அதுவே!