வில்லனுக்கு விமோசனம் உண்டா?

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்தப் பழமொழி பழக்கத்தைத்தான் குறிப்பிடுகிறது. பிறவியைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. சரி, தொட்டிலில் இட்டு ஆட்ட ஒருவருமே இல்லாத பிராணியின் கதி என்ன? விஞ்ஞானக் கதைகளுக்கெல்லாம் தாய் என்று பலரும் கருதும் 'பிராங்கன்ஸ்டைன்' எழுப்பிய கேள்வி இதுதான்.

மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண்மணி அதை எழுதத் தொடங்கிய 1816-ல் அவருக்கு வயது 18. புத்தகம் 1818-ல் வெளிவந்தது. விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவத்துக்கு உயிரூட்டுகிறான். அது கண் திறந்ததும் அதன் கோரத்தைக் கண்டு ஓடிவிடுகிறான். (பெற்றவனே கைவிட்ட பிள்ளை!) பெயர்கூட இல்லாத அந்தப் பிறவி என்ன செய்கிறது தெரியுமா? ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டி ஒளிந்திருந்து, சுவர் இடுக்கு வழியே பார்த்துப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறது. இரவில் அவர்களுக்குத் தெரியாமல் விறகு சேர்த்து வாசலில் போடுகிறது. கண் தெரியாத கிழவர் அதனிடம் அன்பாகவே பேசுகிறார். கண் தெரிந்த மகன் வந்து தடியால் அடிக்கிறான். பிறகு ஆற்றில் விழுந்த பெண் ஒருத்தியைக் காப்பாற்றுகிறது. அதற்குக் கிடைத்த பரிசு துப்பாக்கிக் குண்டு. கொலைகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

1931-ல் ஜேம்ஸ் வேல் இதை ஹாலிவுட்டில் படமாக்கினார். பூதமாக நடித்தவர் போரிஸ் கார்லாப். நாவலில் இல்லாத ஜாடி ஒன்று படத்தில் வந்து சேர்ந்தது. பிரிட்ஸ் என்ற எடுபிடி, கல்லூரியில் மூளை திருடப் போகிறான். நல்ல மூளை இருந்த ஜாடியைக் கைதவறி உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளை இருந்ததை எடுத்து வருகிறான். தீர்ந்தது விவகாரம்! படைத்தவனும் அடித்தவர்களும் விடுதலை. பழியெல்லாம் ஜாடியின் தலையில்.

ஆனால் கார்லாபின் நடிப்பு அந்த ஜாடியை நம்பவிடவில்லை. ஏரிக்கரையில் ஒரு சிறுமி அதனுடன் சேர்ந்து பூக்களை மிதக்கவிட்டு விளையாடுகிறாள். பூ தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று எண்ணி அவளைத் தூக்கித் தண்ணீரில் போடுகிறது. மூழ்கியதும் பதறுகிறது. இந்தத் துண்டு தணிக்கைக் கத்தரிக்கு இரையாயிற்று. சிறுமியை நோக்கி அது கை நீட்டுவதோடு காட்சி அறுந்தது. பின்னால் தகப்பன் சவத்தை ஏந்தி வருகிறான். பார்த்தவர்கள் இடையில் என்னென்ன கற்பித்துக்கொண்டார்களோ! அந்தத் துண்டு திரும்பவும் படத்தில் சேர 1980-கள் வரை ஆயிற்று.

1962-ல் ஆண்டனி பர்ஜெஸ் எழுதிய 'ஏ கிளாக்வொர்க் ஆரஞ்சு' நாவலுக்கும் இதே கதி. வருங்கால இங்கிலாந்தில் அலெக்ஸ் என்ற 15 வயதுப் போக்கிரி. சர்க்கார் அவனுக்கு மருந்து ஏற்றி, கொடுமைப் படங்களைக் காட்டி, அடிதடியை நினைத்தாலே குமட்டும்படி செய்துவிடுகிறது. இது திருந்துவதாகுமா? ஆகாது என்பதே என் கட்சி. கையைக் கட்டிப்போட்டவன் திருடவில்லை என்று யாராவது மெச்சுவார்களா? ஆனால் 21-வது அத்தியாயத்தில், 18 வயதான அலெக்ஸுக்கு, ஒருவரும் ஊசி போடாமலே முரட்டுத்தனம் அலுத்துப்போகிறது. மனைவி, மகன் என்று நினைக்கத் தொடங்குகிறான். அமெரிக்கப் பதிப்பாளர் அந்த அத்தியாயத்தையே நீக்கிவிட்டார். ஸ்டான்லி கூப்ரிக்கின் 1971-ம் ஆண்டுப் படத்திலும் அது இல்லை. அமெரிக்கப் பதிப்பில் அது இடம் பெற்றது 1986-ல்.

ஜாடியைப் புகுத்தியதும், காட்சியை வெட்டியதும், அத்தியாயத்தை நீக்கியதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் படுகின்றன. கெட்டவன் பிறவியிலேயே கெட்டவன் என்று ஏற்பட்டுவிட்டால், கொட்டகையை விட்டு நாம் நிம்மதியாக வீடு திரும்பலாம் அல்லவா?

"டார்த் வேடரை மன்னித்தோமே!" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மன்னித்தோம். 1983-ல் வந்த 'ரிட்டர்ன் ஆப் தி ஜெடாய்' படத்தில் அவன் தன் மகன் வதைபடுவதைப் பொறாமல் சக்கரவர்த்தியைத் தூக்கி எறிகிறான். ஆனால் அவன் முன்பு நல்ல வீரன் என்று நமக்கு ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். காப்பாற்றியதும் சொந்த மகனை. சற்று நேரத்தில் மாண்டும் போகிறான். தன்னால் அழிந்தவர்களின் சுற்றத்தார் முகத்தில் விழிக்கவேண்டிய சங்கடமே இல்லை.

அலெக்ஸுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவன் இன்னும் வாழவேண்டியிருக்கிறது. தனக்குப் பிறக்கப்போகும் மகனும் இதே அட்டூழியங்களைச் செய்வான், எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கேட்கமாட்டான் என்று அந்தக் கடைசி அத்தியாயத்தில் அவனே நினைத்துக்கொள்கிறான்.