ஓடி முடிப்பதும் ஒரு திறமையே!

பந்தயக் கார் என்றதும் உங்கள் மனத்தில் எழும் முதல் கேள்வி என்ன? "எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதானே! இங்கிலாந்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்த விளையாட்டுக் கார்களை இன்றும் பந்தயத்தில் ஓட்டுகிறார்கள். அதைவிடப் பழைய கார்களும் ஓடுகின்றன. அவற்றின் எஞ்சினைப் புதுப்பிக்கும்போது பலரும் முதலில் கேட்பது இதே கேள்விதான். ஆனால், "பந்தயம் முடியும்வரை இந்த எஞ்சின் தாங்குமா?" என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.பி. என்ற காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. நான்கு சிலிண்டர்கள் கொண்டது. பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 88.9 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுகள் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் வினாடிக்கு 100 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேல் முனையில் ஒரு முறையும் கீழ் முனையில் ஒரு முறையும் நின்று திரும்ப வேண்டும். ஆகவே, வினாடிக்கு 200 முறை அது நின்று திரும்புகிறது!

மேல் முனையில் திரும்பும்போது பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 2,000 மடங்குக்கும் அதிகம். பிஸ்டனும் அதனுடன் சேர்ந்த பாகங்களும் அரைக் கிலோ என்று கொண்டால், அதைக் கிராங்க் தண்டுடன் சேர்க்கும் இணைப்புத் தண்டு ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையைத் தூக்கி நிற்பதுபோல் இழுபடுகிறது.

இனி, வேகப் பிரியர் ஒருவர் எஞ்சினை 7,000 சுற்றுகளுக்கு விரட்டுகிறார். சுற்று வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் இழுக்கும் விசை சுற்று வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். 36-க்கு 49 என்ற விகிதம் அது. அதாவது, விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்து, ஏறக்குறைய ஒன்றரை டன் ஆகிவிடுகிறது. கொஞ்சம் வேகத்திற்குக் கொடுக்கும் விலை எவ்வளவு பெரிது, பார்த்தீர்களா?

"இரும்புதானே, தாங்காதா?" என்று கேட்பீர்கள். ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் முறியாது. மாற்றி மாற்றிப் பலமுறை வளைத்தால் முறிந்துவிடும். உலோகம் சோர்வடைவது என்று இதைச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரான ஆகஸ்ட் வோலர், இரயில் வண்டிகளின் அச்சுகள் முறிவதை ஆராய்ந்து இதை முறையாக விளக்கினார். பழைய எஞ்சினின் கிராங்க் தண்டு பல கோடி முறை சுழன்று வந்தது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதில் ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அழகான ஒரு வழி உண்டு. தண்டைக் காந்தமாக்கி, நுண்ணிய இரும்புத் துகள் கலந்த திரவத்தை அதன்மேல் ஊற்றுவார்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் காந்தப் புலம் வெளியே கசிவதால், துகள்கள் அங்கே கோடாகச் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த எதிரி, எண்ணெய்ப் பஞ்சம். பஸ் வளைவில் திரும்பும்போது தூக்குவாளியிலுள்ள தண்ணீர் ஒரு பக்கம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பந்தயக் கார் வளைவில் திரும்பும்போது, எஞ்சினின் அடித்தொட்டியில் உள்ள எண்ணெயும் அப்படித்தான் ஒதுங்குகிறது. எண்ணெயை உறிஞ்சும் குழாய் அந்த நேரத்தில் காற்றை உறிஞ்சினால், கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகமும் உலோகமும் உரசிக்கொள்ளும். தொட்டிக்குள் சில தடுப்புத் தகடுகளைப் பொருத்தினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். இது குதிரைத் திறனைச் சிறிதும் கூட்டாது. ஆனால் எஞ்சினைக் காப்பாற்றும்.

காரைச் செய்தவர்களே இப்பாடத்தைக் கற்றவர்கள்தாம். தொடக்கத்தில் எம்.ஜி.பி.யின் கிராங்க் தண்டை மூன்று முக்கிய பேரிங்குகள் தாங்கின. 1964-இல் அவற்றை ஐந்தாக்கினார்கள். பேரிங் கூடினால் உராய்வும் சற்றுக் கூடும். இருந்தும், தண்டு வளைந்து அதிராமல் இருப்பதே மேல் என்று முடிவு செய்தார்கள்.

பிரான்சில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேரம் ஓயாமல் நடக்கும் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. 1963-இல் அங்கு எம்.ஜி.பி. கார் ஒன்று மணலில் சிக்கி, ஒரு மணி நேரத்திற்கும் மேல் வீணாயிற்று. ஆயினும் அது 12-ஆவது இடத்தில் ஓடி முடித்தது. அந்த ஆண்டு புறப்பட்ட கார்களில் பெரும்பாலானவை இறுதிவரை ஓடவே இல்லை! 1964, 1965 ஆண்டுகளிலும் எம்.ஜி.பி. அங்கே ஓடி முடித்தது.

"பந்தயம் என்றால் துணிவு வேண்டாமா? இப்படிக் கணக்குப் பார்த்தால் வெல்வது எப்படி?" என்று சிலர் வாதிடுவார்கள். துணிவு வேண்டியதுதான். ஆனால் இணைப்புத் தண்டு முறிந்தால் அது சிலிண்டர் தொகுதியின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். சிந்தும் எண்ணெயில் பின்னால் வரும் வண்டி சறுக்கும். அந்த ஓட்டுநர் என்ன குற்றம் செய்தார்? மேலும், அன்று வார்த்த பழைய தொகுதி ஒன்று உடைந்தால், உலகில் அத்தகையவற்றில் ஒன்று குறைந்தது என்றே பொருள்.

ஆகையால் பழைய எஞ்சினைக் கட்டுபவர் முதற் பணத்தை வெடிப்புச் சோதனைக்கும், புதிய போல்ட்டுகளுக்கும், நல்ல பேரிங்குகளுக்கும், எண்ணெய் ஓட்டத்திற்கும் செலவிடட்டும். எஞ்சியது இருந்தால் வேகத்தைப் பற்றி யோசிக்கட்டும். இணைப்புத் தண்டுக்குப் பதில் இன்றைய உறுதியான எஃகுத் தண்டைப் பொருத்துவதையும் நான் வரவேற்கிறேன். ஆனால் அந்த உறுதியை நம்பி இன்னும் ஆயிரம் சுற்றுகள் கூட்டிவிடக் கூடாது. கூட்டினால் பாதுகாப்புக்காக வாங்கிய பலம் வேகத்திற்கே செலவாகிவிடும்.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். பம்பு செட்டோ, பாலமோ, எதைச் செய்தாலும், "எவ்வளவு?" என்று கேட்கும் முன் "எவ்வளவு காலம்?" என்று கேட்டுப் பழகுங்கள். அளவுகோலையும் கணக்கையும் கையில் எடுக்கும் பொறுமைதான் நல்ல பொறியாளரின் முதல் அடையாளம்.