பிடோங் தீவு கற்றுத்தரும் பாடம்



தஞ்சம் தேடிப் படகில் வருவோரைக் கரையேற்றுவதா, கடலுக்கே திருப்பியனுப்புவதா? முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலேசியா இந்தச் சோதனையை 1970களிலேயே சந்தித்தது.

1975இல் சைகோன் வீழ்ந்தபின் வியட்நாமியர் படகுகளில் வெளியேறத் தொடங்கினர். 1978 நவம்பரில் சுமார் 2,500 பேருடன் ஹாய் ஹாங் என்னும் கப்பல் கிள்ளான் துறைமுகத்தருகே வந்து நின்றது. அவர்களை நாட்டில் இறங்கவிட அரசு மறுத்தது. திரங்கானு கரைக்கு அப்பாலுள்ள பிடோங் என்னும் சிறு தீவில், 1979இன் நடுப்பகுதியில் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்துத் தங்கியிருந்தனர். அவ்வாண்டு பல படகுகள் கடலுக்கே இழுத்துச்சென்று விடப்பட்டன. இனிப் புதிதாக எவரையும் ஏற்க மாட்டோம் என்று ஜூன் மாத இறுதியில் ஆசியான் நாடுகள் ஐந்தும் அறிவித்தன.

அரசின் அச்சம் பொய்யன்று. வந்தவர்களை யார், எப்போது அழைத்துக்கொள்வார்கள் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. வந்தோரில் பெரும்பகுதியினர் சீன வம்சாவளியினர் என்பதால், நாட்டின் இனச் சமநிலை குலையுமோ என்ற கவலையும் இருந்தது. ஆயினும், சுமையின் கனத்தைக் காட்டி, குழந்தைகள் நிறைந்த படகை அலைகளிடம் ஒப்படைப்பதை எந்த நியாயமும் ஏற்காது.

1979 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய மாநாடு வழியொன்றைத் திறந்தது. கரையோர நாடுகள் தற்காலிகப் புகலிடம் அளிக்கும். தொலைதூர நாடுகள் அவர்களை அழைத்துக் குடியமர்த்தும். குடியமர்த்தலுக்கென உறுதியளிக்கப்பட்ட இடங்கள் 1,25,000இலிருந்து 2,60,000ஆக உயர்ந்தன. மலேசியாவில் தங்கிச் சென்றோர் இரண்டு இலட்சத்திற்கும் அதிகம். பிடோங் முகாம் 1991இல் மூடப்பட்டது.

அடைக்கலம் குறித்த நம் மார்க்கத்தின் நெறியும் இதுவே. அத்தவ்பா அத்தியாயத்தின் ஆறாவது வசனம், இணைவைப்போரில் ஒருவர் பாதுகாப்புக் கோரினாலும் அதை அளிக்குமாறு பணிக்கிறது; அதோடு நில்லாமல், அவரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுசேர்க்கவும் கட்டளையிடுகிறது. ஆக, கடமைகள் இரண்டு. முதலாவது, கரையில் இருப்பவனுடையது. இரண்டாவதை அவன் தனியே நிறைவேற்ற இயலாது. உலகம் தோள்கொடுக்க வேண்டும்.

2015 மே மாதம் ரோஹிங்கியா மக்களின் படகுகள் திருப்பியனுப்பப்பட்டபோது, நூற்றுக்கணக்கானோரைக் கரைசேர்த்தவர்கள் ஆச்சே மீனவர்களே. அதன்பின்னரே மலேசியாவும் இந்தோனேசியாவும், ஓராண்டுக்குள் உலக நாடுகள் பொறுப்பேற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் புகலிடம் அளிக்க இசைந்தன. அன்று வியட்நாமியருக்குத் திறந்த கதவுகள் ரோஹிங்கியருக்கு அந்த அளவில் திறக்கவில்லை. 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி மலேசியா மீண்டும் படகைத் திருப்பியது.

செல்வ நாடுகள் தம் பங்கைத் தட்டிக்கழிப்பதைக் கண்டிப்போம். அதே வேளை, அதைச் சாக்காக்கிக் கரையை அடைக்கும் அரசு முஸ்லிம்களுடையதாயினும், அது தவறு என்று சொல்லத் தயங்கக் கூடாது. முதற்கடமை எவருக்காகவும் காத்திருப்பதில்லை.

கடலில் தத்தளிக்கும் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.